'சரி அத்தை'ன்னு அர்த்தம்

என் தூங்குமூஞ்சிக்கு,

உங்கள் நாட்டுக்கு என்னையும் மகளையும் கூட்டி வந்த அன்றைக்கே, "எங்கம்மா எது கேட்டாலும் இதைச் சொல்லு, 'சரி அத்தை'ன்னு அர்த்தம்" என்று உங்கள் மொழியில் ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தீர்கள்.

உங்களைப் புதைத்து நான்கு மாதம் ஆகிறது. அது அத்தைக்கு நினைவில் நிற்பதில்லை. தினமும் விடிந்ததும் வந்து என்னிடம் ஏதோ கேட்பார். நானும் அந்தச் சொல்லையே சொல்வேன். அவர் முகம் மலர்ந்து, வயலுக்குப் போடும் உங்கள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்.

பள்ளிக்கூடம் போய் உங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்ட நம் மகள் நேற்று அழுதுவிட்டாள். "பாட்டி 'அவன் எங்கே'ன்னுதான் கேக்குறாங்க. நீ ஏம்மா 'இதோ எழுந்து வர்றார்'ங்கிறே?"

காலையில் எழாமல் கிடக்க நீங்கள் செய்த விளையாட்டு. பாவி மனுஷா!

இன்று பொருள் தெரிந்தே சொன்னேன். மாடியில் உங்கள் கட்டில் கிறீச்சிட்டது. அத்தையும் நிமிர்ந்து பார்த்தார். எழுந்துவிட்டீர்களா?

உங்கள் வீட்டுக்காரி