ஆறாத ஊன் குறித்து நீர்முகைத் தேவியாருக்கு

மாலை முரசு அறைந்தபின் பானையின் வாய் திறக்கப்பட்டபோது உடனிருந்தோர்: செம்பொறை நாட்டு வேந்தர் நெடியோன், அமைச்சரும் ஓலைநாயகமுமாகிய காரிவேளார், அரண்மனை மருத்துவர் சாத்தங்கண்ணனார், அடுக்களைத் தலைவி தூமணி, வேட்டைநாய்க் கொட்டிலின் தலைவர் எயினனார், முரசறையும் முதுகண்ணன். அறுவரும் இவ்வோலையின் ஓரத்தில் தம் கைக்கீறல் இட்டிருக்கின்றனர்.

மூன்று ஆறுகளின் கரைகாவலரும், நீர்முகை நாட்டின் முடி தாங்கியவரும், எம் வேந்தரின் தமக்கையுமாகிய செங்கழுநீர்த் தேவியார் நெடிது வாழ்க. தங்கள் ஏரிகள் கரை உடையாமல் நிறைக. தங்கள் குதிரைகள் நோயறியாது நிற்க.

தேவியாரின் ஓலை வந்தது. அதில் ஒரே கேள்வி இருந்தது: தாம் சீர்வரிசையாக அனுப்பிய அடுமகள் தூமணி, தம் தம்பிக்கு நாய்க்குரிய ஊனை இட்டாள் என்பது மெய்யா? அமைச்சர் காரிவேளார் அதற்கு விடை எழுதுவிக்கிறார். சாட்சிகளின் வாய்ச்சொல்லைத் திருத்தாமல் எழுதுவதே இந்நாட்டு முறையாதலால், கொச்சையாகத் தோன்றும் இடங்களைத் தேவியார் பொறுத்தருள்க.

செம்பொறையின் பழைய கட்டளை தேவியாரும் பிறந்த வீட்டில் அறிந்ததே. விருந்தில் மிஞ்சிய ஊனை மாலை முரசின்போது புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏழு எண்ணும்வரை கை பொறுத்தால் அது ஆறிய ஊன். வேட்டை நாய்களுக்கு உரியது. அதை மனிதருக்கு இட்டவர் தெற்கு வாயில் வழியே நாடு நீங்க வேண்டும், திரும்ப முடியாது. பழி சொல்லி மெய்ப்பிக்கத் தவறியவருக்கும் அதே வாயில்தான்.

சென்ற முழுநிலாவன்று வரையாடு ஒன்று முழுதாகக் கம்பியில் கோத்துச் சுடப்பட்டது. பாதி மிஞ்சியது. மறுநாள் விளக்கேற்றும் வேளையில் வேந்தருக்கு ஒரு குழம்பு வந்தது. வேந்தர் உண்டார், மீண்டும் கேட்டு வாங்கி உண்டார். தமக்கையாருக்கு மறைக்க வேண்டாம் என்பது அவர் ஆணையாதலால் எழுதுகிறோம்: வேந்தருக்குக் கடைவாய்ப் பற்கள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை விருந்துகளில் அவர் ஊனை மென்றதுபோல் காட்டிக் கைத்துணியில் ஒதுக்கிவந்தார். இதை அறிந்தவள் அந்தத் துணியைத் துவைத்த தூமணி ஒருத்தியே.

எயினனார் அன்று அடுக்களைக்குப் போயிருந்தார். நாய்களுக்கு வர வேண்டிய கூடை பாதியாக வந்ததேன் என்று கேட்கத்தான் போனார். பரிமாறத் திறந்திருந்த பானையில் கிடந்த தொடையில் கம்பி துளைத்த வடுவைக் கண்டார். நேரே அவைக்கு வந்து பழி சொன்னார்.

“நேத்து சுட்ட ஆடு இது. கம்பி ஓட்டை அப்படியே இருக்கு. என் நாய்ங்க பங்கை எடுத்து ராசாவுக்கே போட்டிருக்கா இந்தப் பொம்பளை!”

தூமணி அஞ்சியதாகத் தெரியவில்லை. “நேத்து சுட்டதுதான். ஆறிப்போச்சுன்னு உனக்கு யார் சொன்னது? தொட்டுப் பாத்தியா? உமி அடுப்பை விட்டு எடுத்தாத்தானே ஆறும்?”

தொட்டுப் பார்க்க வழியில்லை. அதற்குள் சான்று முழுவதும் வேந்தரின் வயிற்றுக்குள் போயிருந்தது.

வேந்தருக்குப் பழியில் நாட்டமில்லை. கல்போலக் காய்ந்த ஆட்டுத்தொடை ஒரு பகலில் வெண்ணெயானது எப்படி என்பதையே மூன்று முறை கேட்டார். அமைச்சருக்கும் அதுவே உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் முறை முறைதான். ஆகவே மறு விருந்து வைத்து, மிஞ்சிய ஊனை அவளே மீண்டும் சமைக்கவும், மறுநாள் மாலை முரசின்போது பானையைத் திறந்து பழி சொன்னவரே புறங்கை வைக்கவும் தீர்ப்பாயிற்று. இடையே நெருப்பை மாற்றும் சூது நடவாதிருக்க, எயினனார் தாமே பானையருகே பாய் விரித்து அமர்ந்தார். தூமணி தோற்றால் ஐம்பது வயதில் நாடற்றவள் ஆவாள். அவர் தோற்றால் அவரும் அவ்வாறே.

நிகழ்ந்தவற்றை அமைச்சர் வாயிற்படியில் நின்று கண்டார். முரசுக்கு முன்பே, ஊன் இன்னும் சூடாக இருக்கையில், அவள் அதைக் கைப்பிடி அளவாக நறுக்கினாள். தடித்த மண்பானையின் அடியில் எலும்புகளை அடுக்கினாள். அதன்மேல் ஊறிய கொள்ளு, உரித்த சின்ன வெங்காயம், தட்டிய மிளகு, சுக்கு, கொஞ்சம் புளிக்கரைசல், எல்லாவற்றுக்கும் மேலே ஊன். நீர் மூழ்க ஊற்றி, விறகடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டாள். பிறகு மூடியிட்டு விளிம்பைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து பூசினாள். உமி நிறைத்த குழியில் ஒரு சட்டி தணலைக் கொட்டி, பானையைக் கழுத்துவரை புதைத்துவிட்டுப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

“அவ்வளவுதானா?” என்றார் எயினனார்.

“அவ்வளவுதான்.”

“கிளற வேண்டாமா?”

“உமி பாத்துக்கும். நீ என்னைப் பாக்காம பானையைப் பாரு.”

மறுநாள் காலையில் அவர் பானைக்கு இன்னும் நெருங்கி அமர்ந்திருந்தார். நண்பகலுக்குள் கேள்விகள் பெருகிவிட்டன. கொள்ளு எதற்கு என்றார். ஊன் விடுகிற சாற்றைக் குடிக்க என்றாள் அவள். எலும்பு ஏன் அடியில் என்றார். கறி அடிப்பிடிக்காமல் இருக்க என்றாள். பிற்பகலில் மாவுப் பூச்சில் மயிரிழை வெடிப்பு ஒன்று விழுந்து, அதன் வழியே மணம் கசிந்தது. எயினனார் எழுந்து இருமுறை குழியைச் சுற்றிவந்தார். வெடிப்பைத் தம் விரலாலேயே மாவு தடவி அடைத்தார். பழி சொன்னவர் செய்யத் தகாத செயல் அது. அமைச்சர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பானையின் கழுத்தில் கை வைத்தவருக்கு உள்ளே இருப்பது ஆறவில்லை என்பது எப்போதோ விளங்கியிருக்கும். ஆகவே முரசுக்கு ஒரு நாழிகை முன் அமைச்சர் அவரைத் தனியே அழைத்து, பழியை இப்போதே மீட்டுக்கொண்டால் எவரும் நாடு நீங்க வேண்டியதில்லை என்றார்.

“மீட்டுக்கிட்டா பானையை என்ன பண்ணுவீங்க?”

வழக்கு இல்லாமற்போன சான்றைத் திறவாமல் அகழியில் கொட்டுவதே முறை என்று அமைச்சர் சொன்னார்.

எயினனார் குழியைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப வேணாங்க. அதுக்குள்ள என்ன ஆகியிருக்குன்னு நான் பாக்கணும்.”

“எயினா, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?” என்று குழியருகிலிருந்தே கத்தினாள் தூமணி. “போய்க் கொட்டச் சொல்லு. நாளைக்கு வேற ஆக்கித் தரேன்.”

“நாளைக்கு ஆக்குறது நாளைக்கு. நான் ராவும் பகலுமா காவல் காத்தது இதைத்தான்.”

முரசு அறைந்தது. மாவு உடைக்கப்பட்டது. எயினனார் கை வைத்தார். முதுகண்ணன் இரண்டு என்று எண்ணுவதற்குள் அலறிக் கையை இழுத்துக்கொண்டார். புறங்கையில் கொப்புளம் கண்டதை மருத்துவர் உறுதி செய்தார். தூமணி குற்றமற்றவள் என்று அங்கேயே அறிவிக்கப்பட்டது.

முதற்கிண்ணத்தை வேந்தர் எயினனாருக்கே கொடுக்கச் செய்தார். அவர் நின்றபடியே உண்டார். எலும்பிலிருந்து ஊன் விரல் படாமலே கழன்றது. கிண்ணம் காலியானதும், வேந்தரைப் போலவே, மீண்டும் கேட்டார். கொடுக்கப்பட்டது.

ஆகவே ஆணை: செம்பொறையின் எல்லாக் கோட்டைகளிலும் அடுக்களைக்கு ஓர் உமிக்குழி தோண்டப்படுக. விருந்தில் மிஞ்சிய ஊன் முரசுக்கு முன்பே கொதித்துக் குழியில் இறங்குக. நாய்களுக்கு எலும்பும் குடலும் குறைவின்றி அளிக்கப்படுக. நாய்கள் வாடுவதாகத் தங்கள் நாட்டில் பேச்சு எழுந்தால் நம்ப வேண்டாம். அவை நன்றாகவே தின்கின்றன.

எயினனாரை மன்னிக்க வேந்தர் விரும்பினார். தமக்காகக் கட்டளையை ஒருமுறை வளைத்தால் அடுத்த முறை யாருக்காக வளைப்பது என்று எயினனாரே கேட்டார். ஆகவே அவருக்குத் தெற்கு வாயிலே விதிக்கப்பட்டது. இவ்வோலையைக் கொண்டுவருபவர் அவரே. வலக்கை கட்டப்பட்டிருப்பதால் இடக்கையால் நீட்டுவார், அவமதிப்பாகக் கொள்ளற்க. இச்சமையலில் தேவியாருக்கு ஐயம் எழுந்தால் அவரையே கேட்டருள்க. தூமணி சமைத்தவள் மட்டுமே. கண்ணிமைக்காமல் முழுவதும் பார்த்திருந்தவர் அவர். தங்கள் அடுக்களையில் ஒரு குழிக்கு இடமிருந்தால் அவருக்கும் இடமிருக்கும் என்று அமைச்சர் கருதுகிறார்.

இரட்டைக் குன்றமும் பிறையும் பொறித்த முத்திரை அரக்கில் இடப்பட்டது. தூமணி ஒரு முடிப்புக் கொள்ளு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பிரிக்க வேண்டாம் என்று காவலருக்குச் சொல்லப்பட்டுள்ளது. தேவியார் இவ்வரியை வாசிக்கும் வேளையில் எயினனார் தெற்கு வாயிலைக் கடந்திருப்பார். அவருக்குப் பின்னே இரு கதவுகளும் சாத்தப்பட்டு, குறுக்கே கணையமரம் இறக்கப்பட்டு, பூட்டப்பட்டிருக்கும்.