ஹார்ன்பி ஓடையின் வெள்ளைக் கற்கள்

டாஸ்மேனியா,
பிப்ரவரி 19

அன்பு மகன் கீரனுக்கு அம்மா எழுதுவது.

நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். முழங்கால் வலி மட்டும் தேவலை. அண்டார்க்டிக்கா குளிர் உனக்குப் பழகிவிட்டதா? பக்கத்துப் பண்ணை ஃபெர்ன் வாரம் தவறாமல் ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் கொண்டுவருகிறாள். "ஏண்டி மோர்வென், இன்னமும் ரெண்டு பேருக்குத் தட்டு எடுத்து வக்கிற?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.

மரக் கம்பெனி ஏப்ரலில் ஓடைக்கு மேலே உள்ள காட்டை வெட்டப் போகிறது. சேறு இறங்கினால் அப்பா ஆராய்ந்துவந்த ஓடை நத்தைகள் ஒன்றுகூட மிஞ்சாது. அந்த அரை மைல் தண்ணீரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம். மேஸ்திரி என்னிடம், "எங்கம்மா நத்தை? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, ரம்பத்தக் கீழ வச்சிடறோம்" என்று சிரித்தார். போன மே மாதம் அப்பா ஓடையேறிப் போய்த் திரும்பாமலே போனாரே, அதுவும் அந்த ஆதாரத்துக்காகத்தானே. செவ்வாய்க்கிழமை காலை நானே போனேன்.

அவர் பழக்கம் உனக்குத் தெரியும். நத்தை பார்க்கப் புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து, எண்ணியாயிற்று என்று மேலே ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைப்பார். ஓடை நெடுக அவை இருந்தன. ஒன்பது மாதத்தில் மூன்று வெள்ளம் வந்து பாலத்தையே இழுத்துப் போனது. ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினேன், கீரன்.

நாற்பத்தோராவது கல்லுக்கு அடியில் நத்தை கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றிய ஒரு குப்பி. உள்ளே எள்ளளவு நத்தைகள் பன்னிரண்டு. வீட்டில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன்: ஓட்டில் மூன்றரைச் சுற்று, ஓட்டின் வாயை அடைக்கும் மூடி தேன் நிறம். பக்கத்து ஓடை நத்தைக்கு நாலரைச் சுற்று. அவருடைய இனம்தான், சந்தேகமே இல்லை.

கூடவே அவர் கையால் பென்சிலில் எழுதிய சீட்டு. இடம், ஆழம், பெயர், தேதி. தேதி ஜூன் 14.

அவரைத் தேடியது போதும் என்று நான் கையெழுத்துப் போட்டது ஜூன் 2. "அப்பா இருக்காரும்மா, நிறுத்த விடாதீங்க" என்று கெஞ்சினாய். நான் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் நீ போனது அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

சீட்டோடு குப்பியைக் கம்பெனியிடம் கொடுத்தால் காடு பிழைக்கும். தேதியை ஊரே பார்க்கும். வேறு சீட்டு எழுத பென்சிலைக்கூடச் சீவிவிட்டேன். "சீட்ட மாத்தினா நத்தை அநாதைப் பொணம்டி" என்று அவர் சொல்வாரே, அது காதில் விழுந்தது. மாற்றவில்லை. நாளை அப்படியே கொடுக்கிறேன்.

இன்னொன்று. கடைசிக் கூழாங்கல்லைத் தாண்டி ஒரு கல் புரட்டியபடி கிடந்தது. நல்ல வெயில். அதன் அடிப்பக்கத்து ஈரம் இன்னும் காயவில்லை, நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சுற்றிலும் யாரும் இல்லை. நான் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பயந்துபோய் ஓடி வந்துவிட்டேன். மறுபடியும்.

இந்தக் கடிதம் வரும் கப்பல்தான் பனி இறுகுமுன் கடைசி. அதில் ஏறி வா, கண்ணே. என்னை மன்னிக்காமலே வா. அந்தக் கல்லிடம் தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும். இன்று முதல் மூன்று தட்டு வைக்கிறேன்.

உன் அம்மா,
மோர்வென்