கொள்ளு டப்பாவும் குளம்பு நோயும்

காலையில் குதிரைக்குக் கொள்ளு எடுக்கப் போனவர், டப்பா மூடியில் மனைவி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார்.

"மூடியைத் திறக்காதீங்க. நான் வேலைக்குப் போயிட்டேன், சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடும்னு குதிரையைத்தான் சொல்வாங்க. இந்த வீட்டுல கொள்ளுன்னா நீங்க கையைத் திறக்கறீங்க, வைத்தியம்னா காதை மூடிக்கறீங்க.

அது முன்னங்காலை நீட்டிப் பின்னால சாஞ்சு நிக்கறது ராஜ தோரணை இல்லை, குளம்பு வலி. குளம்புல வளையம் வளையமா இருக்கறது அழகும் இல்லை, நாள்பட்ட நோய். உங்க பாசம் அதைப் பீப்பாய் ஆக்கிடுச்சு, அந்தக் கொழுத்த உடம்புதான் குளம்புக்கு நோயைக் கொண்டு வந்துச்சு. காய்ஞ்ச புல்லைத் தண்ணில ஊறவச்சு வடிச்சுப் போடுங்க, புல்லுல இருக்கற சர்க்கரை குறையும். லாடக்காரர் குளம்பு சீவ வருவார். அவருக்குப் பாடம் எடுக்காதீங்க.

பி.கு.: நேத்து நான் கத்தினது கொள்ளுக்காக இல்லை. குளம்புக்குள்ள எலும்பு இன்னும் இறங்கினா ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னார். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை."

அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் அழுது கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்றார்.