கடைசி மூட்டை மக்காச்சோளம்

நைனா,

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் கையில் அந்த வாசனை போகவில்லை. நனைந்த கோணியும் புளித்த மாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. நீ கொண்டுவந்த கடைசி மூட்டை மக்காச்சோளத்தை இன்று சாயங்காலம் நானும் அம்மாவும் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். நான் உனக்கு எழுதுவதைப் பார்த்தால் அம்மா அழுவாள். அதனால் அவள் தூங்கிய பிறகு, தெருவிளக்கு விழும் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தாலே பேனாவை மூடிவிடுகிறேன்.

ஹார்பரில் கப்பலுக்குச் சோளம் ஏற்றுகிற நாட்களில், சிந்தியதைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவாய். தண்டையார்பேட்டையில் மாடு வைத்திருக்கிற முக்கால்வாசி வீடுகளில் அதுதான் தீனி. குடோன் வாசல் தார் ரோட்டில் பரப்பிக் காயவைப்போம். நீ குந்தி உட்கார்ந்து ஒரு மணியை எடுத்துக் கடிப்பாய். "கடக்குன்னு சொல்லணும் கண்ணு. சொல்லிச்சின்னா போடு, இல்லாங்காட்டி இன்னொரு வெயிலு." நானும் கடித்துப் பார்ப்பேன். எனக்குப் பல் கூசும். நீ சிரிப்பாய்.

ஆடி மாதம் நீ வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய், உயிரோடு திரும்பவில்லை. அதற்கு முந்தைய நாள் கொண்டுவந்த மூட்டை பரண்மேல் இருந்தது. அதை யாரும் தொடக் கூடாது என்றாள் அம்மா. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி மூட்டை நனைந்துவிட்டது. பிரித்தபோது பாதிச் சோளம் கறுத்துப்போய், பச்சையாகப் பூசணம் பிடித்திருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கொண்டுபோய்க் கொட்டிட்டு வா" என்றாள். இறால் உரிக்க மீன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

நான் கொட்டவில்லை நைனா. நீ கடைசியாகத் தோளில் சுமந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கறுப்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மீதியைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். கடித்துப் பார்த்தேன். கடக்கென்றது. அம்மாவுக்குத் தெரியாமல் நாலு நாள் நம் மாடு சிவப்பிக்கு வைத்தேன். முதல் நாள் நன்றாகத் தின்றது. நாலாம் நாள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பாலும் குறைந்தது.

அன்றைக்கே பிலோமினா அக்காவின் குழந்தையை வாந்தி பேதி என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எதிர் வீடு. எட்டு மாதக் குழந்தை. அதற்கு என்று தினமும் காலையில் அரை லிட்டர் பாலை ஊற்றிவிட்டு வருகிறவள் நான்தான்.

என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேராக டோல்கேட் ப்ரௌசிங் சென்டருக்குப் போனேன். நாம் ஒரு தடவை போனோமே, சிவப்பிக்கு மடி வீங்கியிருந்தபோது, அதே கடை. அன்றைக்குத் திரையில் நாலு வரிதான் தெரிந்தது. மீதியைப் படிக்க டாலரில் பணம் கட்ட வேண்டும், பேங்க் அட்டை இருக்கிறதா என்று கேட்டது. கடை நடத்துகிற ஸ்டெல்லா அக்கா அதைச் சொன்னதும் நீ கேட்டாய்: "எங்கிட்ட ரேஷன் அட்டதான் கீது. அத்த வாங்குவானா கேளு." கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்த பிறகு நீ சிரிக்கவில்லை. "மாட்டு நோவுக்கு மருந்து எழுதி வெச்சிட்டு அத்தப் பூட்டி வெச்சிகிறான் பாரு" என்று ரோட்டைக் கடக்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

இந்தத் தடவையும் முதல் மூன்று பக்கங்கள் அட்டை கேட்டன. நாலாவது கேட்கவில்லை. பல நாட்டு விவசாய ஆராய்ச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கிற இடம் அது. முழுப் புத்தகமும் திறந்தது. அடியில், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கத்தான் கூடாது என்று இருந்தது. தமிழ் மீடியத்துக்காரி எனக்கு அந்த இங்கிலீஷ் ஒவ்வொரு வரியும் மேடு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நனைந்த சோளத்தில் பிடிக்கிற பூஞ்சை ஒரு விஷத்தை விட்டுவைக்குமாம். கழுவினாலும் வெயிலில் போட்டாலும் பூஞ்சைதான் போகுமாம், விஷம் அப்படியே இருக்குமாம். மாடு தின்றால் பாலில் வருமாம். பாலைக் காய்ச்சினாலும் போகாதாம். அந்த வரியை மட்டும் அகராதியை வைத்து மறுபடியும் படித்தேன்.

கடிக்கிற பல்லுக்கு ஈரம் மட்டும்தான் தெரியும் நைனா. நீ காட்டிக்கொடுத்தது தப்பில்லை. நீ ஒருநாளும் பூசணம் பிடித்ததைக் காயவைத்ததில்லை. அதை வைத்தது நான்.

அடுத்த பத்தியை நல்லவேளையாகப் படித்தேன். அந்தத் தீனியை நிறுத்தினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டால்தான் அம்மாவிடம் பேச முடியும் என்று தோன்றியது. பிரிண்ட் எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகுமா என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன்.

"இன்னாமே நீ, அவனே எட்துகினு போன்னு எழுதிகிறான். உனுக்கு இன்னா பேஜாரு?"

அம்மா இறால் வாசனையோடு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டாள். நாலு என்றேன். ஈரக் காலோடு என் கையைப் பிடித்து எதிர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பிலோமினா அக்கா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தது. அம்மா பேச ஆரம்பித்து, பாதியில் நின்று, என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். தாளையும் காட்டினேன்.

 அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டது.

"அடிப்பாவி, புள்ள உன் பாலக் குடிச்சே ஒரு மாசம் ஆவுதுமே. ஒரு வயசு வரிக்கும் மாட்டுப்பாலே குடுக்காதன்னுட்டாரு டாக்டரு. நைனாவும் பூட்டாரு, உங்கம்மா இந்த ஒரு மாட்ட வெச்சிகினு கீது. நிறுத்திக்கிறேன்னு எப்டி சொல்றது? அதான் வாங்கி நாங்க டீ போட்டுக் குட்ச்சிகினு கீறோம்."

"அப்ப வாந்தி?" என்றாள் அம்மா.

"கொயாத் தண்ணில சாக்கட கலந்துகிதாம்க்கா. தெருவுல ஆறு புள்ளைங்க அங்கதான் கீது. இப்ப தேவலாம். கெளம்பும்போது சிரிச்சிச்சி."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்கா, "அழுவாதக்கா, வெஷத்தக் குட்ச்சது எம்புருசன்தான், அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அம்மா பால் வாங்குகிற எல்லா வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. "நாங்க பண்ண தப்பு" என்றாள். ஒரு வாரம் கறந்த பாலை எல்லாம் சாக்கடையில் ஊற்றினோம். இரண்டு வீட்டுக்காரர்கள் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். கொட்டச் சொன்னவள்தான், ஆனாலும் மூட்டையைப் புதைக்க அம்மாவுக்கு இன்றைக்குத்தான் மனசு வந்தது. ஆடு, கோழி கிளறாத ஆழத்துக்கு அவளே மண்வெட்டி போட்டாள்.

உன்னோடு மூட்டை தூக்கிய காசி மாமா நேற்று வந்தது. அதுவும் மழையில் நனைந்த சோளத்தைக் காயவைத்திருக்கிறதாம். அந்தப் பக்கங்களை நான் தமிழில் எழுதி வைத்திருந்தேன், படித்துக் காட்டினேன். "யாரு சொன்னது இத்த?" என்றது. எந்த ஊர்க்காரரோ, தெரியாது மாமா, எல்லாரும் படிக்கட்டும் என்று போட்டிருக்கிறார்கள் என்றேன். தாளைக் கேட்டது. கொடுத்துவிட்டேன். இனி வேறு யாராவது கேட்டால் கொடுக்க இன்னொன்று எழுத வேண்டும்.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது மறுபடியும் தப்பு செய்துவிடுவேனோ என்ற பயம்தான் நைனா, அது முன்னைப்போல வாயை அடைப்பதில்லை. நாளைக் காலை மறுபடியும் பால் ஊற்றப் போகிறேன். பிலோமினா அக்கா அரை லிட்டரே போதும், டீக்குத்தான் என்று இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.