பெச்சா வண்டியின் பல்சக்கரம்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களிடம் அதை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன். போன வருஷம் உங்கள் திதிக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நான்கு வரி போட்டோம். அந்த நான்கு வரியும் பத்திரிகைக்காரர்களே எழுதியவை. அதே பக்கத்தில் இன்னும் மூன்று பேருக்கும் அதே வரிகள்தான் இருந்தன. இந்த வருஷம் நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாட்டுச் செய்தி. நீங்கள் போன ஆறாம் மாதம் மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்துவிட்டது. விழா நடக்கும் பாடாங் திடலுக்கு என்னைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தீர்கள். நான் போகவில்லை. நம் காஜா பேராங் ரோடு முழுக்க ஆட்கள் நடந்துபோவதை வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. உள்ளே வந்து சோற்றை வடித்தேன்.

அப்படித்தான் இருந்தேன் அத்தான். ஆஸ்பத்திரியில் மூன்றே நாள் காய்ச்சலில் நீங்கள் போனபோதும் நான் அழவில்லை. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்று உங்கள் சொந்தத்திலேயே ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் என்னை நானே அடிக்கடி கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் சைக்கிள் சமையற்கட்டுக்குப் பின்னால் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை அதைத் துடைத்து, ஹேண்டிலில் விபூதி பூசுவார்கள். டயருக்குக் காற்றடிக்கலாமா என்று ஒருநாள் பம்பை எடுத்தேன்.

"வையி கீழ. உள்ள இருக்கிறது அவன் அடிச்ச காத்து," என்றார்கள்.

அத்தை கட்டைவிரலால் முன் டயரை அழுத்திப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்கள். உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாகப் பேச இருந்தது அவ்வளவுதான். அவர்கள் காற்றைப் பார்த்துக்கொண்டார்கள். நான் வேலைக்குப் போனேன்.

வேலைதான் தொல்லையாகிவிட்டது. நீங்கள் இருந்தபோது விடியலில் கிளம்பி, நாலு மைல் என்னைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்து, ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, அப்புறம் டவுனுக்குத் திரும்பிக் குழாய் வேலைக்குப் போவீர்கள். நீங்கள் இல்லாத பிறகு பஸ். முதல் பஸ் என்னை ரோட்டோரம் இறக்கிவிடும்போதே மணி ஏழைத் தாண்டிவிடும். அதற்குமேல் செம்மண் பாதையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இரண்டு மைல் நடக்க வேண்டும், கடைசியில் அந்த மேடு. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன். பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாடி முடித்த பிறகுதான் போய்ச் சேருவேன்.

ஒரு வருஷம் பாவப்பட்டுப் பொறுத்தார்கள். முதல் திதி முடிந்த வாரத்தில் பெரிய வாத்தியார் கூப்பிட்டார்.

"டீச்சர், நான் எத்தன வாட்டிதான் மறைக்கிறது? ஆபீசு கிராணியாரு கடியாரத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. மாசக் கடைசிக்குள்ள சரியா வரலன்னா வேற ஆளப் போடச் சொல்லி தோட்டத்துத் தொர சொல்லிட்டாராம்."

வீட்டில் நானும் அத்தையும்தான். இந்த வேலை போனால் வாடகை வீடும் போகும். நானாவது என் அம்மா வீட்டுக்குப் போகலாம். உங்கள் அம்மா எங்கே போவார்கள்? அதை யோசித்தபோதுகூட எனக்குப் பயம் வரவில்லை. யாரோ சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

சைக்கிள் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு ஓட்டத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். கேரியரில் உட்கார்ந்துகொண்டே "இப்படி வளைங்க, அங்க பள்ளம்" என்று சொல்லி எத்தனை தடவை உங்களிடம் திட்டு வாங்கியிருப்பேன். உங்கள் வண்டியை எடுக்க முடியாது. நடுவில் கம்பி போகிறது, சேலையோடு ஏறுவது எப்படி? அத்தை விடவும் மாட்டார்கள்.

நம் தெருமுனையில் இருக்கும் ஆ லெங் சைக்கிள் கடைக்குத்தான் போனேன். உங்களோடு பழகியவர் என்பதால் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆக மலிவான பெண்கள் சைக்கிள் வேண்டும் என்றேன்.

"சிக்கு, இனி பாலிங் முரா," என்று ஒரு கறுப்பு வண்டியைக் காட்டினார். டீச்சருக்கு மலாயில் சிக்கு; இதுதான் ஆக மலிவு என்கிறார். அவர் காட்டியதைவிட மலிவாக எதுவும் அந்தக் கடையில் இல்லை. விளக்கு கிடையாது, கேரியர் கிடையாது. ஸீட் பலகை மாதிரி. டயர் மெலிசு. பின் சக்கரத்தில் சேலை மாட்டாமல் இருக்க வலை மட்டும் கட்டியிருந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. அதை வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை. கடைசியில் சொல்லவேண்டி வந்தது.

புது வண்டியைப் பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று அத்தை சொன்னார்கள். அவர்கள் வரவில்லை. நான் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு கோயில் படி ஏறுகிறேன். குருக்கள் வண்டிக்குச் சந்தனம் வைத்தார், மாலை போட்டார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"முத்தையா. கேட்டை நட்சத்திரம்," என்றேன்.

அதுவரை உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்ன இடம் உலகத்தில் அது ஒன்றுதான், அத்தான். வீட்டில் "இந்தாங்க" என்பேன், வெளியில் "எங்க வீட்டுக்காரரு" என்பேன். அர்ச்சனைத் தட்டுக்கு முன்னால் மட்டும்தான் உங்கள் பெயர். ஐந்து வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. குருக்கள் உங்கள் பெயரைச் சொல்லி, ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டு, பாதி மந்திரத்துக்குப் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. உயிரோடு இருப்பவர்களுக்கல்லவா அர்ச்சனை? நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றி நசுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தார் ரோட்டில் நன்றாகத்தான் போனது. செம்மண்ணில் இறங்கியதும் மெலிசு டயர் வேர்களில் வழுக்கியது. மேட்டில் பாதிக்குமேல் பெடல் நகரவே இல்லை. எழுந்து நின்று மிதித்தேன், வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நானும் சாய்ந்தேன். முழங்கையில் தோல் போயிற்று. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். பெரிய வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், என் சேலையில் செம்மண்ணைப் பார்த்தார். மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

சாயங்காலம் ஆ லெங்கிடம் போனேன். நல்ல கனமான டயர் இரண்டு மாட்டினார். ஆனால் பின் பல்சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, இவ்வளவு சின்னதாக இருந்தால் மேடு ஏறாது என்று தலையை ஆட்டினார். பெரியது போடுங்கள் என்றேன். அந்த அளவு தன்னிடம் இல்லை, வரவழைக்க நாளாகும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்றார். ஆள் ஏற்றும் பழைய பெச்சா ரிக்‌ஷா வண்டி ஒன்றிலிருந்து நீங்கள் எடுத்து, அரத்தால் ராவிப் பொருத்தின பல்சக்கரம். அவரே கூட இருந்து மாட்டினாராம்.

எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு எண்ணெய்க் கையோடு வந்து, "இனிமே நீ எத்தன தோச தின்னாலும் மேடு ஏறும்" என்றீர்கள். நான் அன்று இராத்திரி தோசை சாப்பிடவில்லை.

அத்தையிடம் கேட்டேன். அவர்கள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

"எம் புள்ளையத்தான் வெட்டவெளியில வச்சி எரிச்சாச்சு. அவன் வண்டியையும் கூறு போடணுமா?"

இரண்டு நாள் பேச்சு இல்லை. நான் காலையில் மேட்டில் தள்ளினேன், மாலையில் முழங்கைக்கு மருந்து போட்டேன். மூன்றாம் நாள் அத்தையே வாயைத் திறந்தார்கள். சமாதானம் பேச இல்லை, குத்திக்காட்டத்தான்.

"கோயில்ல பூச போட்டுட்டுத்தானே வந்த? புள்ளையாரு என்னா செஞ்சாரு?"

"புள்ளையாரு என்னாங்க அத்த செய்வாரு. நான்தான் பேர மாத்திச் சொல்லிட்டேன்."

"யாரு பேர?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொன்னேன். "முத்தையா. கேட்டை நட்சத்திரம்." உங்கள் அம்மா முகத்துக்கு நேராக, அடுப்படியில், உங்கள் பெயரைச் சொன்னேன்.

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அத்தை கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தார்கள்.

"ஐயரு நடுவுல நிறுத்தலையா?"

"இல்லைங்க. முழுசா சொன்னாரு. ஆயுசு, ஆரோக்கியம், எல்லாம்."

"மால?"

"போட்டாரு."

அத்தை வெகுநேரம் சட்டியைத் தேய்த்தார்கள். ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்த சட்டிதான் அது. பிறகு எழுந்து போய், உங்கள் ஸீட்டுக்கு அடியில் தொங்கும் தோல்பையைத் திறந்து, ஸ்பானரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்கள்.

"அப்ப அதுவும் அவன் பேருல உள்ள வண்டிதான். பின்னால உள்ளத எடுத்துக்க. முன் சக்கரத்தத் தொடாத."

பல்சக்கரத்தையும், ஸ்ப்ரிங் வைத்த ஸீட்டையும், டைனமோ விளக்கையும், கேரியரையும் எடுத்துக்கொண்டேன். கேரியரில் அத்தையின் பழைய சேலையை மடித்துத் தைத்த மெத்தை அப்படியே இருந்தது. ஆ லெங் மாட்டித் தந்தார். செயினுக்கு இரண்டு கண்ணி கூடுதலாகச் சேர்த்தார். சமதரையில் கால்தான் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகத்தான் போகும் என்று இரண்டு தடவை எச்சரித்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். நான் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மேட்டுக்கு வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். அவ்வளவு பலம் தேவைப்படவே இல்லை அத்தான். பெடல் அப்படி இலேசாகச் சுற்றியது. வண்டி நடந்துபோவதுபோல், ஆனால் நிற்காமல், ஏறிக்கொண்டே போனது. உச்சிக்குப் போனபோது மணி அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவே திறக்கவில்லை.

அங்கே இறங்கி நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பல்சக்கரம் இரண்டு பேர் கனத்துக்கென்று நீங்கள் தேடிப் பிடித்தது. நான் தனியாக ஏறி வந்திருக்கிறேன். இதே இடத்தில் தினமும் நீங்கள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பீர்கள். "கனமா இருக்கேனா?" என்று கேட்பேன். "நீ ஏறியிருக்கியான்னே தெரியல" என்பீர்கள், இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு வாங்கி. ஐந்து வருஷம் அதை நான் நம்பினேனா? நம்புவதுபோல் இருந்தேனா?

ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பதின்மூன்று மாதம் கழித்து. பெரிய வாத்தியார் வந்து, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை சார், சீக்கிரம் வந்துவிட்டேன் என்றேன்.

அன்றைக்கு ஒருநாள்தான். மறுநாள் பழையபடி மரத்துப்போய்விட்டேன். பெரும்பாலும் இப்போதும் அப்படித்தான். ஆனால் வேலை நிலைத்துவிட்டது, வீடும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் புதுக் கொடி ஏற்றுகிறோம். கயிறு இழுப்பது என் பொறுப்பு, ஏனென்றால் நான்தான் எல்லாருக்கும் முன்னால் வருகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அத்தை முன் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"காத்து போயிருச்சு," என்றார்கள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்களே கேட்டார்கள்.

"ஒம் வண்டி கேரியருல ஒரு ஆளு ஒக்காரலாமா?"

"தாராளமா உக்காரலாம். ரெண்டு பேருக்குன்னு செஞ்சதுதாங்க."

"கோயிலுக்குப் போலாம். இந்த வாட்டி ஒழுங்கா பேரு சொல்லு."

அத்தைக்குத் தன் நட்சத்திரம் தெரியாதாம். யாரும் கேட்டதில்லையாம். எனக்கு என்னுடையது தெரியும், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அடுத்த வாரம் உங்கள் திதி. அது முடிந்து வரும் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். அங்கே உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், அத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். குருக்கள் கேட்டால் எங்கள் இரண்டு பேர் பெயரையும்தான் சொல்வேன்.

உங்கள் அம்மா கனம்தான். உங்களுக்குத் தெரியாததா? போய்ச் சேருவதற்குள் எனக்கு நன்றாக மூச்சு வாங்கும். கனமா இருக்கேனா என்று அவர்கள் கேட்டால், ஏறியிருக்கிறீர்களா என்றே தெரியவில்லை என்று சொல்வேன். எங்கேயும் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவுக்குத் துணையாக இருக்கும்
உங்கள் மனைவி,
தனலெட்சுமி
காஜா பேராங், மலாக்கா