ஒற்றைக் காதுக்கு ஐந்து ஸ்பீக்கர்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் என் மருமகன் ஒரு வயர்ச் சுருளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். டிவிக்குப் பூட்டப்போகும் ஹோம் தியேட்டருக்கு வாங்கிய ஸ்பீக்கர் வயர். உறையைக் கிழித்ததும் புது பிளாஸ்டிக்கின் மணம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"மாமா, இது நல்ல வயரா? இந்த விஷயத்தில நீங்கதான் ஆளாம், மாமி செல்றாங்க."

என்னை எந்த விஷயத்திலும் ஓர் ஆளாகக் கணக்கெடுக்காத என் பொண்டாட்டி, வயரில் மட்டும் எனக்கு இப்படியொரு பட்டம் கொடுத்து வைத்திருக்கிறாள். நான் சுருளை மூக்கருகே பிடித்தபடியே இருந்தேன். வயரை மணந்து தரம் சொல்லும் நிபுணன் என்று மருமகன் நினைத்தாரோ, மாமாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தாரோ, மெல்லப் பின்னால் நகர்ந்து தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரைக்கும் அந்த மணத்தோடு நான் நினைப்பில் உன் வீட்டு ஹோலில்தான் இருந்தேன்.

உன் இடது காது போனது கற்பிட்டி முழுக்கத் தெரிந்த கதை. மீன்பிடிப் போட்டின் பின்விளிம்பில் குந்தி, இடது கையால் எஞ்சின் பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆயுளில் பாதியை அந்த இரைச்சலின் மடியிலேயே கழித்த ஆள் நீ. கேட்கிறவர்களுக்கெல்லாம் நீயே பகிடியாகச் சொல்வாய்: "இடது காத எஞ்சினுக்குக் கட்டிக் குடுத்திட்டன். வலது காது இன்னும் வீட்டில குமரா ஈக்கி."

கட்டிக் கொடுக்காத அந்தக் குமருக்கும் நாள் குறித்தாயிற்று என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்கு, உன் மனைவிக்கு, எனக்கு. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நிறுத்த வழியில்லை என்று புத்தளத்தில் டொக்டர் சொன்னதை என் கடைக்கு வந்து சொன்னாய். பஸாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிற என்னிடம் வந்து ஒரு இரகசியத்தைச் சொல்ல உன்னைத் தவிர வேறு யாருக்கும் தைரியம் வராது. சொல்லி முடித்துவிட்டு மெசினைக் காட்டினாய்.

"இத மட்டும் இதுக்குள்ள போட்டு ஊருக்குக் குடுத்திடாத."

நான் கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெளியே விடாத ஒரே செய்தி அதுதான். வயிறு ஊதிப்போயிற்று.

அடுத்த கிழமையே ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன் என்றாய். "போற காதுக்கு ஒரு விருந்து வெக்கோணும் மச்சான். வாழ்க்கை பூரா எஞ்சின் சத்தத்தையே திண்ட காது. வெறும் வயித்தோட அனுப்பேலாது."

தேத்தண்ணிக் கடையில் அதைக் கேட்ட, உன்னை அண்ணனாக்கி நானா என்று கூப்பிடுகிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஒரு காதுக்கு அஞ்சு ஸ்பீக்கரா நானா? மிச்சம் நாலும் பக்கத்து வீட்டுக்கா?" நீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஹோம் தியேட்டர் பெட்டி கைக்கடக்கமான விலையில் அமைந்தது. ஆனால் அதற்குள் சுருட்டி வைத்திருந்த வயரைப் பார்த்து உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதவிடத் தடிப்பான நூலால நான் வலை பொத்தியிருக்கன்" என்றாய். அதனால் வயர் வாங்கவென்றே இரண்டு பேரும் புத்தளத்துக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸில் உன் வலது பக்கத்து சீட்டுக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு நான் சண்டை பிடித்தது உனக்கு ஞாபகமிருக்கும். அவள்தான் வென்றாள். நான் உன் தலைக்கு மேலால் குனிந்து நின்று, அவள் கேட்கக் கேட்க, ஊர்க்கதை முழுவதையும் உன் வலது காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது "மிச்சத்தையும் செல்லிட்டுப் போங்களேன்" என்றாளே!

கடை முதலாளி தடித்த, நல்ல மனிதர். முதலில் மினுங்கும் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுக்கு முனையில தங்கம் பூசியிரிக்கி. சத்தம் கண்ணாடி மாதிரி வரும்."

"தங்கம் போட்டு அனுப்ப என்ட வீட்டில குமர் ஒண்டும் இல்ல முதலாளி. நீங்க கம்பியக் காட்டுங்க."

குமர் இருந்தது. அதை நீ அவரிடம் சொல்லவில்லை.

அவர் சுருள் சுருளாக எடுத்துப்போட, நீ கயிறு வாங்குகிற மாதிரி வயர் வாங்கினாய். முறுக்கினாய், இழுத்தாய், நகத்தால் கீறினாய். ஒன்றின் முனையைப் பல்லால் கடித்து உரித்து, என் பேனாக்கத்தியால் கம்பியைச் சுரண்டினாய். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

"என்ன முதலாளி இது? மேலால செம்பு, உள்ளுக்கு அலுமினியம். முலாம் போட்ட வளவி மாதிரி."

"அதாலதான் விலை குறைவு நானா."

"எங்கட உப்புக் காத்துக்கு இது மாசித்தூள் மாதிரி உதிர்ந்து போகுமே. முழுச் செம்பு தாங்க. அது பச்சை பிடிச்சாலும் சுரண்டிச் சுரண்டிப் பாவிக்கலாம்."

டிவியிலிருந்து பெட்டிக்குப் போகிற குட்டை வயருக்கு மலிவானதே போதும், இந்தத் தூரத்துக்கு அதிலே ஒரு வித்தியாசமும் தெரியாது என்று நான் சொன்னேன். பஸ்ஸில் போனில் வாசித்ததுதான். முதலாளி கவலையோடு ஒத்துக்கொண்டார். என் நிபுணத்துவம் அன்று தொடங்கி அன்றே முடிந்தது. பொண்டாட்டிக்கு இதைச் சொல்லிவிடாதே.

"எத்தின மீற்றர் வெட்ட?" என்றார் முதலாளி. உனக்கு மீற்றர் தெரியாது. கை இரண்டையும் விரித்துப் பாகம் பாகமாக அளக்கத் தொடங்கினாய். சாமான் வாங்க வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். நீ அளந்துகொண்டே போனாய். முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இவ்வளவு எதுக்கு? ஹோல் பெரிசோ?"

"ஹோல் சின்னன். அஞ்சையும் வலது பக்கத்தில வெக்கப் போறன்."

"ஆளச் சுத்தி வெக்கத்தான் நானா இத அஞ்சாச் செஞ்சிரிக்கிறாங்க."

"எனக்குச் சுத்தி இல்ல முதலாளி. ஒரு பக்கம்தான் ஈக்கி. எல்லாரும் அங்கேயே வரட்டும்."

முதலாளி சிரிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ அளந்த இடத்துக்கு அப்பால் கொஞ்சம் விட்டு வெட்டினார்.

வயர் பூட்டிய நாளில் காலையிலிருந்தே கொழும்பு லொறிக்குக் கருவாடு கட்டிக்கொண்டிருந்தோம். லொறி போனதும் அப்படியே எழும்பி வந்து வயரை இழுக்கத் தொடங்கினோம். ஹோலுக்கு அடுத்த கருவாட்டு அறைச் சுவரோரமாக எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, நைலோன் நூலால் வலைமுடிச்சுப் போட்டு, அழகாகக் கொண்டுபோனாய். ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குச் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிவிட்டது. சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. இரண்டு காதும் உள்ள எனக்கு அது பிழை என்றே தெரியவில்லை. நீதான் சொன்னாய்: "ஒரு பொட்டி கோவிச்சுக்கிட்டு மத்தப் பக்கம் பாக்குது மச்சான். மாத்திக் கொழுவு."

மாற்றினேன். டிவியில் ஏதோ படம். அதில் மழை பிடித்தது. அந்த மழையை நீ கேட்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். பிரம்புக் கதிரையிலிருந்து எழும்பி, முற்றத்தைப் பார்த்து ஓடினாய்.

"புள்ள! கருவாட்ட அள்ளு! மழை!"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உன் மனைவி அகப்பையோடு வந்து, முற்றத்தையும் பார்த்து, உன்னையும் பார்த்தா. "படத்தில பெய்ற மழைக்கு இங்க அள்ளச் செல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. போன வேகத்தில் அவ கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. நீ ரிமோட்டால் மழையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் பெய்யவிட்டுக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். வாசலிலிருந்து சலாம் சொன்னேன். கதிரையில் சிலை மாதிரி இருந்த நீ சடாரென்று திரும்பினாய். முகத்தில் இரத்தமே இல்லை. டிவியில் ஆட்கள் வாயசைக்கிறார்கள், சத்தம் இல்லை.

"என்னடா செஞ்ச இப்ப?"

"சலாம் சென்னன்."

"இன்னொருக்காச் செல்லு."

சொன்னேன். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாய். டிவி திடீரென்று ஊமையானதும் காதுதான் போய்விட்டது என்று நினைத்து, கையைத் தட்டிப் பார்க்கவும் பயந்து, வெகுநேரமாக அப்படியே இருந்திருக்கிறாய். இரண்டு பேரும் முழங்காலில் நின்று தேடினோம். கருவாட்டு அறைச் சுவரோரம் எலி எல்லா வயரையும் ஒரே இடத்தில் கடித்துத் துப்பியிருந்தது. உன் மனைவி துண்டொன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினா.

"நானா, கருவாட்டுக் கையால வயர் இழுத்தா எலி வராம பொலிஸா வரும்?"

அந்த மணம் எங்கள் மூக்குக்குப் படவே இல்லை, மச்சான். காற்றே அப்படித்தானே மணக்கிறது. அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. புது வயர் வாங்கி வந்து, தேசிக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவி, ஒப்பரேஷன் செய்யப்போகிற டொக்டர்கள் மாதிரி கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பூட்டினோம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் உன் மனைவி கடைக்குப் போன் கோல் எடுத்தா. "நானா, வயரப் பாக்க உங்கள வரட்டாம்." சொன்னதும் போனை வைத்துவிட்டா.

உன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே எனக்குக் கேட்டது. அந்த ஒழுங்கை முழுவதற்கும் கேட்டது. ஐந்து ஸ்பீக்கரும் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தன. உள்ளே வந்தேன். நீ கதிரையில் இருந்தாய்.

"எலி திரும்ப வந்திட்டுது மச்சான். ஒரு சத்தமும் இல்ல. வயரப் பாரு."

பார்த்தேன். வேறென்ன செய்வது? முழங்காலில் நின்று சுவரோரமாக ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டு போனேன். ஒரு கீறல்கூட இல்லை. கடைசிவரை போய், திரும்பவும் முதலிலிருந்து தடவி வந்தேன். ஒரு எலியையாவது காட்டு யா அல்லாஹ் என்று துஆக் கேட்டேன். எலிக்காகத் துஆக் கேட்டவன் கற்பிட்டியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சத்தத்துக்குள் தலை வெடித்தது. நிமிர்ந்து உன்னைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

நீ எழும்பி வந்தாய். ஸ்பீக்கரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தாய். அது அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வை உன் விரல்கள் பிடித்துவிட்டன. பிறகு என் தோளைத் தட்டினாய்.

"எழும்பு மச்சான். வயருல பிழையில்ல."

உன் மனைவி போய்ச் சத்தத்தைக் குறைத்தா. முழுவதும் நிறுத்தவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காதுக்கு மெசின் வைத்துப் பார்த்தார்கள். "சத்தம் வருது, கதை வருதில்ல" என்று கழற்றி வைத்துவிட்டாய். வந்தவர்கள் காதுக்குள் கத்தினார்கள். பிறகு கையைக் காலைக் காட்டினார்கள். பிறகு வருவதைக் குறைத்தார்கள். நான் வந்தேன். ஊர்க்கதை கெட்டுப்போகிற பண்டம், அன்றன்று இறக்கிவிட வேண்டும். நீ என் வாயையே பார்த்துப் பார்த்து, கடைசியில் தலையை ஆட்டினாய்.

"உன்ட வாய் எங்க ஈக்கி எண்டே தெரியுதில்லடா. பத்தைக்குள்ள இருந்து ஆரோ கதைக்கிற மாதிரி ஈக்கி."

என் மீசை உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே வைத்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அதைத்தான் விரும்பினார்கள் என்று என் மாமனார் சொல்வார். அன்றே போய் மழித்தேன். பொண்டாட்டி கதவைத் திறந்து, வேறு யாரோ என்று நினைத்து முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டாள். பஸாரில் நான் இரண்டாம் கல்யாணத்துக்குத் தயாராகிறேன் என்று கதை கிளம்பியது. பெண் முந்தல் ஊராம், தென்னந்தோட்டமும் இருக்காம். நான் மறுக்கவில்லை. பின்னேரம் உன் முன்னால் கதிரையைப் போட்டு, உதட்டை விரித்துச் சுருக்கி, என்னைப் பற்றிய அந்தக் கதையை உனக்கு நானே சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் பிடித்துவிட்டாய். தென்னந்தோட்டம் வந்த இடத்தில் நீ சிரித்த சிரிப்புக்கு உன் கதிரை கிறீச்சிட்டது. அது எனக்குத்தான் கேட்டது.

பிறகு ஒரு காலையில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. ஜனாஸாவில் நான் ஒன்றும் பேசவில்லை. ஊரே அதிசயப்பட்டது.

மருமகனின் வயர் நல்ல வயர்தான். சுரண்டிப் பார்த்தேன், உள்வரைக்கும் செம்பு. கையைக் கழுவிவிட்டுப் பூட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன் என்று பயந்து, பழக்கம் என்றேன்.

மீசையைத் திரும்ப வளர்க்கச் சொல்லி வீட்டில் ஒரே கரைச்சல். நானும் நினைப்பேன். நிழல் மாதிரி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அடுத்த காலையில் கை தானாகவே சவரக்கத்தியை எடுத்துவிடுகிறது. இன்றைக்கும் அப்படித்தான். மழித்து முடித்துக் கண்ணாடி முன்னால் நின்று, நேற்று மீன் சந்தையில் சம்பந்திகள் இரண்டு பேர் ஒரு பாரை மீனின் தலைக்காகப் பிடித்த சண்டையை, உதடு தெளிவாக, மெல்ல மெல்லச் சொன்னேன். சத்தம் போடவில்லை. மீன் தலை கைமாறுகிற இடத்தில், நீ சிரித்து முடியட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கடை திறக்கப் போனேன்.