முந்திரிக்கொட்டையின் திட்டம்

மார்ச் 4
மருத்துவ இதழிலிருந்து ஓர் ஆய்வுத் திட்டம் வந்திருக்கிறது. ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. எப்படிச் செய்யப் போகிறார்கள் என்பதைப் படித்து இப்போதே குறை சொல்ல வேண்டும். இதழ் ஒப்புக்கொண்டால், முடிவு எப்படி வந்தாலும் அச்சிடும்.

சிசேரியன் முடிந்த அன்றே தாய்மார்களை நடக்க வைத்தால் வலி குறையுமா? என் கேள்வி! எத்தனை வருஷமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். எழுத உட்காரத்தான் உடம்பு வணங்கவில்லை.

எழுதியவர் பெயரை மறைத்திருக்கிறார்கள். மறைத்து என்ன? "ஐயத்துக்கு இடமின்றி" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். கூடப் படித்த முந்திரிக்கொட்டை. அப்போதே, கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குவாள்.

மார்ச் 5
எழுதியவர் எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம் என்று இதழின் ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். "நியாயமா பார்க்க முடியுமா?" என்றார். முடியும் என்றேன், வாய் கூசாமல்.

மார்ச் 8
நல்லா எழுதியிருக்கா. அதான் தாங்கல.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயித்தெரிச்சலுக்கு உங்க வார்டுல மாத்திரை உண்டா, டாக்டரம்மா?" என்கிறார். அவரோடு பேச்சில்லை.

மார்ச் 9
மாத்திரை! அவர் கிண்டலில்தான் பொறி தட்டியது. நடக்க வைக்கும் முன் வலி மாத்திரை கொடுத்துவிடுவது நர்ஸ்களின் வழக்கம். இவள், நடந்து முடித்ததும் வலி எவ்வளவு என்று கேட்கப் போகிறாள். ஒப்பிட்டுப் பார்க்க, நடக்க வைக்காமல் படுக்கையிலேயே விடும் குழுவுக்கோ அந்நேரம் மாத்திரை கிடையாது. வலி குறைந்தது நடையாலா, மாத்திரையாலா? ஆய்வே வீண். வார்டை விட்டுப் போய் வெகுகாலம் ஆனவளுக்கு இது எப்படித் தெரியும்?

சொல்லாமல் விட்டால்? "நல்ல திட்டம்" என்று ஒரு வரி. எல்லாம் முடிந்தபின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அப்புறம் நான் செய்யலாம் —

மார்ச் 10
தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஒரு பெண் நடந்தாள். "நடந்தா வலி குறையுமா டாக்டர்?" "அதைத்தாம்மா கண்டுபிடிக்கணும்" என்றேன். யார் கண்டுபிடித்தால் அவளுக்கென்ன? எனக்குத்தான் என்னென்னவோ.

எழுதி அனுப்பிவிட்டேன்: இரண்டு குழுவுக்கும் ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரே நேரத்தில் கேள்வி. அனுப்பிய பிறகும் வயிறு எரிகிறது.

ஏப்ரல் 21
திட்டத்தை இதழ் ஒப்புக்கொண்டதாம். முந்திரிக்கொட்டையே போன் செய்தாள்.

"யாரோ ஒரு ரிவியூவர்டி, கடவுள் மாதிரி வந்தார்! மாத்திரை விஷயத்தைப் பிடிச்சிட்டார். இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும். வார்டுலயே ஊறின ஆளு. நீயும் வார்டுலதான் இருக்கே, உனக்குக்கூடத் தோணியிருக்காது."

"தோணியிருக்காதுதான்" என்றேன். நான்தான் என்று சொல்லக் கூடாது, அது இதழின் விதி.

அரை மணி நேரம் அந்த ஆளைப் புகழ்ந்தாள். போனை வைத்துவிட்டேன். அந்த ஆள்மேல் பொறாமையாக இருக்கிறது.